எத்தனை பேர்?

ஃபுகுவோகாவில் நான் சாப்பிட்ட கடைகளை
எனக்கு முன் திறந்து பார்த்தது என் திருப்புளி.
வாசலில் நிற்கும் சீட்டு இயந்திரங்கள்:
காசை விழுங்கிவிட்டுக் கமுக்கமாய் இருப்பவை,
மழை நாளில் ஈர நோட்டை
நாக்கு மாதிரி நீட்டி நீட்டித் துப்புபவை.
பழுது பார்த்த கையோடு ஒரு கிண்ணம் சாப்பிடுவேன்.
அப்படித்தான் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

தெஞ்ஜின் நிலத்தடிக் கடையில்
எல்லோரும் சுவரைப் பார்த்து உண்கிறார்கள்.
நகாஹாமாவில் விடியுமுன்
மீன்சந்தைக்காரர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து
உறிஞ்சும் சத்தத்திலேயே
ஒருவருக்கொருவர் வணக்கம் வைத்துக்கொள்கிறார்கள்.
பன்றியெலும்பு இரவெல்லாம் கொதித்த ஆவி
முதல் வாரம் நாற்றம்,
மூன்றாம் வாரம் மணம்,
இப்போது என் சட்டைக்கு அதுதான் சொந்த ஊர்.

வேக்காட்டுக்கு இங்கே படிகள் உண்டு.
குழைவு, நடு, விறைப்பு,
அதற்கு மேலே கம்பி,
கம்பிக்கும் மேலே மாவு உதறல்:
நூடுல்ஸ் வெந்நீரை
எட்டிப் பார்த்துவிட்டு வருவதோடு சரி.
நான் கம்பி ஆள்.
வாய் திறக்க வேண்டியதில்லை,
சீட்டில் ஒரு வட்டம் போட்டால் போதும்.

எந்தக் கடையிலும் முதலில் தேய்வது
'இன்னொரு பிடி' பொத்தான்.
எழுத்து அழிந்து வெறும் வெள்ளையான பிறகும்
பசித்த விரல் அதைத் தவறவிடுவதில்லை.
ஒரு கடையில் மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.
கடைக்காரர் பெயர் தொகுமிட்சு என்பது
போன மாதம்தான் தெரியும்,
அதுவும் ரசீதில்.

ஹாருயோஷியில் ஒரு குடல்சட்டிக் கடை.
குளிர்காலம் முழுக்க அதன் ஜன்னல் வியர்த்திருக்கும்.
உள்ளே முகங்கள் தெரியாது;
கம்பளிகளின் நிறங்கள் அசையும்,
திடீரென்று எல்லா நிறமும் சேர்ந்து சிரிக்கும்.
அங்கே இயந்திரம் இல்லை.
கதவில் ஒரு தாள்:
சட்டி இருவருக்கு மேல்.
நான்கு குளிர்காலம்
அந்தத் தாளை மட்டும் வாசித்துவிட்டுப் போனேன்.

ஜனவரி, செவ்வாய்க்கிழமை, கடற்காற்று.
பையில் எந்த இயந்திரத்தினுடையதோ
ஒரு திருகாணி மிச்சம்.
கதவு தானாக நகர்ந்தது என்று சொல்லலாம்.
நான்தான் நகர்த்தினேன்.

'எத்தனை பேர்?'
ஏப்ரனில் மினேகோ என்று தைத்திருந்தது.
விரல் பொத்தானைத் தேடியது.
பிறகு தொண்டையில் சிக்கியிருந்த பழைய நாணயம்
ணங்கென்று விழுந்தது:
'இரண்டு.'

இரண்டு கிண்ணம், இரண்டு ஜோடிக் குச்சி.
முட்டைக்கோஸ் குன்று,
அதன்மேல் கூரையாய்ப் பூண்டுத்தாள்,
மிளகாய் வளையங்கள், ஒரு கை எள்.
கொதி வந்ததும் குன்று மெல்ல
உட்கார்ந்தது, கால் வலித்தவர் போல.

'அவர் வர நேரமாகுமா? தீயைக் குறைக்கவா?'
'வரமாட்டார்.'
'யார்?'
'தெரியவில்லை. நான் கணக்குத்தான் சொன்னேன்.'

அவள் சிரிக்கவில்லை.
எதிர்க் கிண்ணத்தை எடுக்கவும் இல்லை.
பூண்டு வழுக்கும் குடலை நான் தனியாகத் தின்றேன்,
இருவர் பங்கையும், நெற்றி நனைய.
பக்கத்து மேசையில் மூன்று பேர்
விடுப்பு தராத மேலதிகாரியை வறுத்துக்கொண்டிருந்தார்கள்.
இடையில் ஒருவன் திரும்பி, 'சரிதானே?' என்றான் என்னிடம்.
யாரென்றே தெரியாமல்
'சரிதான்' என்றேன்.

கடைசியில் மிச்சச் சாற்றில்
தடித்த நூடுல்ஸைக் கொட்டினாள் மினேகோ.
'கம்பிப் பதம்' என்றேன், பழக்கத்தில்.
'சட்டியில் அதெல்லாம் கிடையாது,
கொதிக்கிறவரை கொதிக்கும்.'

வெளியே வந்தபோது
கதவுத் தாளின் ஒரு மூலை
காற்றில் படபடத்தது, பசை விட்டு.
பையிலிருந்து நாடாவை எடுத்து
அழுத்தி ஒட்டிவிட்டு
ஆற்றுப் பக்கமாக நடந்தேன்.